இலையுதிர் காண ஒரு பயணம்: சூலூரிலிருந்து வால்பாறை வரை

'இலையுதிர்காலம்' என்ற சொல்லைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் ஜப்பானிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலைச்சரிவுகள் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக மாறிவிடுகின்றன. அந்தக் காட்சிக்காகவே மக்கள் கார்களில் புறப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்கிறார்கள். ஜப்பானியர் இத்தகைய பயணத்துக்கு 'மொமிஜிகரி' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். எந்த வாரத்தில் எந்த ஊரில் நிறம் மிகுந்திருக்கும் என்று அங்கே முன்னறிவிப்பும் வெளியிடுகிறார்கள்.

அப்படி ஒரு பயணத்தை நாமும் திட்டமிட்டால் என்ன? கோவைக்குக் கிழக்கே, திருச்சி சாலையில் உள்ள சூலூரை நாம் புறப்படும் இடமாக வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எப்போது புறப்படுவது?

மேலை நாட்டாரைப் பின்பற்றி அக்டோபரில் புறப்பட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அக்டோபரின் பிற்பாதி நமக்கு ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். சூலூர் வட்டாரத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் கிடைக்கிறது. வேம்பும் புங்கமும் பூவரசும் பச்சைப்பசேலென்று நிற்கும். உதிர்வதைத் தேடிப் போனால் தழைப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மழை, குளிர், பனி, வெயில் ஆகியவை இப்பெயர்களில் உள்ளன. 'இலையுதிர்காலம்' என்ற பெயர் அவற்றுள் இல்லை. அது மேலை நாட்டுப் பருவத்தைக் குறிக்க நாம் ஆக்கிக்கொண்ட சொல். அப்படியானால் நம் மரங்கள் இலை உதிர்ப்பதில்லையா? நன்றாகவே உதிர்க்கின்றன. ஆனால் அதற்கான மாதம் வேறு. அதைத் தொடங்கி வைக்கும் குறிப்பும் வேறு. அதை அறிந்தால்தான் பயணத்துக்கு நாள் குறிக்க முடியும்.

மரம் ஏன் இலையை விடுகிறது?

இலை மரத்தின் சமையலறை என்பதை நீங்கள் அறிவீர்கள். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்ளே இழுக்க இலையில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. வாயு உள்ளே வரும் அதே வழியில் நீர் ஆவியாகி வெளியே போய்விடுகிறது. ஆகவே இலை இருக்கும்வரை மரம் நீரைச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும். வேர் கொண்டுவரும் நீர் இந்தச் செலவுக்குப் போதாத நிலை வந்தால் என்ன செய்வது? பல மரங்கள் இலையையே கைவிட்டு விடுகின்றன.

குளிர் நாடுகளில் இந்த நிலை பனிக்காலத்தில் வருகிறது. நிலத்தில் நீர் இருந்தாலும் அது உறைந்து கிடப்பதால் வேரால் உறிஞ்ச முடியாது. மெல்லிய இலைகளும் உறைபனியைத் தாங்கா. நம் நாட்டில் அந்த நிலை கோடைக்கு முன் வருகிறது. மண்ணில் இருந்த மழைநீர் தீர்ந்துபோகிறது. இரண்டு இடங்களிலும் மரத்துக்கு வரும் நெருக்கடி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அது வரும் காலம் வேறு.

நெருக்கடி வரப்போகிறது என்று மரத்துக்கு எப்படித் தெரியும்? குளிர் நாட்டு மரங்களுக்குப் பகலின் நீளமே முக்கியமான குறிப்பு. 45 பாகை அட்சத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஆறரை மணி நேரத்துக்கும் மேல் வேறுபாடு உண்டு. பகல் குறையக் குறைய மரம் பனிக்கு ஆயத்தமாகிறது. ஆண்டுதோறும் பகல் ஒரே ஒழுங்கில் குறைவதால், அங்கே இலை நிறம் மாறும் நாளும் பெரிதாக மாறுவதில்லை.

சூலூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம் அளவே. நம் காடுகளில் இலை எப்போது உதிரும் என்பதைப் பெரும்பாலும் மண்ணிலுள்ள ஈரமே முடிவு செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்த ஆண்டில் மரங்கள் முன்னதாகவே மொட்டையாகும். தை, மாசியில் எதிர்பாராத மழை பெய்தால் உதிர்வு தள்ளிப்போகும். ஆகவே நாட்காட்டியை மட்டும் பார்த்து நாம் நாள் குறிக்க முடியாது. சென்ற பருவத்தின் மழையையும் பார்க்க வேண்டும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மரம் இலையைச் சும்மா உதறிவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள சத்துகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு கிளைக்குத் திரும்பிவிடும். அப்போது பச்சையம் சிதைகிறது. பச்சை மறைந்ததும், அதற்கு அடியில் முன்பே இருந்த 'கரோட்டினாய்டு' என்னும் மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மஞ்சள் புதிதாக வந்த நிறம் அன்று, மறைந்திருந்த நிறம்.

சிவப்பின் கதை வேறு. 'ஆந்தோசயனின்' என்னும் சிவப்பு நிறமியைச் சில மரங்கள் அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாக்குகின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிர்ச்சியும் இருந்தால் இது மிகுதியாகத் தோன்றும். வடகிழக்கு அமெரிக்காவின் மேப்பிள் மரங்கள் தீப்பற்றியது போலச் சிவப்பதற்கு அந்தத் தட்பவெப்பமும் ஒரு காரணம். நம் நாட்டில் காஷ்மீரத்துச் சினார் மரங்கள் அக்டோபர், நவம்பரில் இவ்வாறே செம்பொன் நிறம் கொள்கின்றன.

சத்துகள் திரும்பிய பிறகு, இலைக்காம்பின் அடியில் மெல்லிய செல்களாலான ஒரு பிரிவு அடுக்கு இளகுகிறது. இலையிலிருந்து வரும் 'ஆக்சின்' என்னும் இயக்குநீர் குறைந்து, 'எத்திலீன்' ஓங்கும்போது இது நிகழ்கிறது. சிறு காற்றே போதும், இலை விழுந்துவிடும். விழுந்த இடத்தில் தக்கை போன்ற தடிப்பு உண்டாகி, காயத்தை மூடிவிடுகிறது. முருங்கைக் கிளையிலோ வாதுமைக் கிளையிலோ இலை விழுந்த தழும்புகளை நீங்கள் தொட்டுப் பார்க்கலாம்.

முதல் கட்டம்: ஊருக்குள்ளேயே

மாசி மாதமே நமக்கு ஏற்ற மாதம். பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கும் காலமாயிற்றே என்கிறீர்களா? பயணம் ஒரே நாள்தான். அதற்கான ஆயத்தத்தை மட்டும் தை மாதத்திலேயே தெருவில் தொடங்கிவிட வேண்டும்.

பள்ளி வளாகங்களில் குடைபோல அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைப் பாருங்கள். நம் சமவெளியில் மேப்பிளுக்கு ஈடு சொல்ல ஒரு மரம் உண்டென்றால் அது இதுதான். அதன் அகன்ற இலைகள் விழுமுன் மஞ்சளாகவும் செம்பு நிறமாகவும் கருஞ்சிவப்பாகவும் மாறும். பல இடங்களில் இது ஆண்டுக்கு இருமுறையும் இலை உதிர்க்கும்.

வாகை மரம் இலையின்றி நிற்கும். காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலவென்று ஒலிக்கும். வேம்பு பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டு, சில வாரங்களுக்குள் செம்பு நிறத் தளிரும், பின்னர்ப் பூவும் கொள்ளும். சித்திரை முதல் நாளில் நம் வீடுகளில் வேப்பம்பூ கிடைப்பது இந்த ஒழுங்கினால்தான். புங்கம் இலை உதிர்த்த உடனே பளபளக்கும் இளம்பச்சைத் தளிர் விடும்.

சூலூருக்குக் கிழக்கே பல்லடம், காங்கேயம் பக்கம் சென்றால் காடுகரைகளைச் சுற்றிக் கிளுவை வேலிகளைக் காணலாம். ஆண்டின் பல மாதங்கள் கிளுவையில் இலையே இராது. பட்டுப்போனதோ என்று தோன்றும். பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருக்கும். இலை இல்லாத காலத்திலும் அந்தப் பச்சைப் பட்டை வெயிலைக் கொண்டு சிறிதளவு உணவு தயாரிக்கிறது.

இரண்டாம் கட்டம்: நாற்பது வளைவுகள்

சூலூரிலிருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பொள்ளாச்சியைத் தாண்டினால் இருபுறமும் தென்னந்தோப்புகள். தென்னைக்கு உதிர்காலம் என்று ஒன்றில்லை. ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு மட்டையை விட்டு, ஒரு மட்டையைப் புதிதாக விரிக்கும். பாசன நீர் உள்ள நிலத்தில் நிற்பதால் அதற்கு நெருக்கடியும் குறைவு.

ஆழியாற்றில் மலை தொடங்குகிறது. இங்கிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். பயணிகளுக்காக வைத்த அந்த எண்களை நாம் ஓர் அறிவியல் அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

எப்படி? அடிவாரத்தில் தேக்கு, வேங்கை, இலவு போன்றவை நிற்கும் வறண்ட இலையுதிர் காடு. மாசியில் இவற்றுள் பல மொட்டையாக இருக்கும். இலையில்லாத இலவு மரத்தில் செம்பூக்கள் நிறைந்திருக்கும். மலை ஏற ஏற மழை மிகுகிறது, காற்று குளிர்கிறது. கோவைச் சமவெளியில் ஆண்டுக்கு 60 முதல் 70 செ.மீ. மழை பெய்தால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள வால்பாறையில் 300 செ.மீ.க்கும் மேல் பெய்கிறது. ஆகவே உச்சியில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சியுள்ள மழைக்காடுகள் மாசியிலும் பச்சையாக இருக்கும்.

வண்டியில் இருந்தபடியே இதைச் செய்யுங்கள். ஒருவர் வளைவின் எண்ணைப் படிக்கட்டும். மற்றவர் அங்கே தெரியும் மரங்களில் இலையில்லாதவை 'ஏறத்தாழ அனைத்தும்', 'பாதிக்கு மேல்', 'பாதிக்குக் கீழ்', 'எதுவுமில்லை' என்ற நான்கில் ஒன்றைக் குறிக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் வளைவு எண்ணைக் கிடைக்கோட்டிலும் இலையில்லாத மரங்களின் அளவை நெடுங்கோட்டிலும் கொண்டு வரைபடம் வரையுங்கள். அந்தக் கோடு எந்த வளைவில் சரிந்து இறங்குகிறதோ, அந்த இடத்திலிருந்து மேலே மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மழைமானி இல்லாமலே மலையின் ஈரத்தை மரங்களைக் கொண்டு அளந்துவிட்டீர்கள்! மழை குறைந்த ஆண்டில் அந்த இடம் மேலே ஏறுமா, கீழே இறங்குமா? எண்ணிப் பாருங்கள்.

மரங்களைப் பார்க்க நடுவழியில் இறங்கிக் காட்டுக்குள் போகக்கூடாது. இது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. யானைகள் நடமாடும் இடம். ஒன்பதாம் வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு அணையையும் அடிவாரக் காட்டையும் ஒருசேரப் பார்க்கலாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியின் நேரமும் அனுமதி விதிகளும் மாறக்கூடியவை, புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் மலையிறங்கி விடுங்கள்.

கோடையில் துளிர்க்கும் விந்தை

மாசியில் சென்றவர்கள் பங்குனி இறுதியிலோ சித்திரையிலோ மறுபடியும் செல்ல முடிந்தால் ஒரு விந்தையைக் காணலாம். வெயில் கொளுத்துகிறது, தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் பல வாரங்கள் உண்டு. ஆனாலும் பல மரங்கள் புதுத்தளிர் விட்டிருக்கும்! நீர் இல்லை என்று இலையைக் கொட்டிய மரம், நீர் மிகக் குறைந்த காலத்தில் எப்படித் துளிர்க்கிறது?

இலை போனபின் மரத்தின் செலவு நின்றுவிடுகிறது. ஆழத்திலுள்ள வேர்கள் கொண்டுவரும் சிறிதளவு நீர் தண்டில் சேர்கிறது. அந்தச் சேமிப்பைக் கொண்டு மரம் துளிர்க்கிறது. சரி, மழை வரும்வரை காத்திருக்கலாமே? இதற்கு விடை தேடியவர்கள் கே. எஸ். முரளி, ஆர். சுகுமார் என்னும் அறிவியலார். நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் இவர்கள் செய்த ஆய்வு 1993-ல் வெளியாயிற்று. மழைக்கு முன்பே துளிர்த்த மரங்களின் இலைகளைப் பூச்சிகள் குறைவாகவே தின்றிருந்தன. மழையோடு துளிர்த்தவை மிகுந்த சேதம் அடைந்திருந்தன. மழை வந்தால் பூச்சிகள் பெருகும். அவை பெருகுவதற்குள் இலையை முற்றவைத்துக் கொள்வது மரத்துக்கு ஆதாயம்.

தளிர்களின் நிறத்தையும் கவனியுங்கள். மாந்தளிர் செம்பு நிறம். அரசந்தளிர் இளஞ்சிவப்பு. காட்டிலுள்ள பூவ மரம் துளிர்க்கும்போது மரம் முழுவதும் செக்கச்செவேலென்று மாறிவிடும். மழைக்காட்டு நாங்கு மரமும் அப்படியே. இங்கும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின்தான். மென்மையான தளிரைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்று சிலரும், பூச்சிகளின் கண்ணுக்குத் தளிரை மறைக்கிறது என்று சிலரும் கருதுகிறார்கள். மேலை நாட்டில் சாகும் இலையில் காணும் செந்நிறத்தை நாம் பிறக்கும் இலையில் மிகுதியாகக் காண்கிறோம். ஆகவே நம் பயணத்துக்கு இரண்டு பருவங்கள் உண்டு: உதிர்வதைக் காண மாசி, துளிர்ப்பதைக் காண பங்குனி, சித்திரை.

சருகும் நெருப்பும்

இப்போது மிக முக்கியமான ஒன்று. மரங்கள் இலை உதிர்த்த காடு, சருகு நிறைந்த காடு. கூடவே புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்திருக்கும். நம் காடுகளில் இக்காலத்தில் எழும் தீயில் பெரும்பங்கு மனிதர்களால் மூள்வது. அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும். மலைச்சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும்போது, மனிதர் ஓடுவதைவிட விரைந்து ஏறும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாம் பயணத்துக்குக் குறித்த அதே மாதம் அது. தீ அபாயம் மிகுந்த மாதங்களில் வனத்துறை காட்டுப் பாதைகளை மூடுவது இதனால்தான். 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று யாரும் அழைத்தாலும் செல்லாதீர்கள். சாலையிலிருந்தே நம் ஆய்வைச் செய்துவிட முடியும் என்பதைப் பார்த்தோம் அல்லவா? தீப்பெட்டி நம் பையில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

செய்து பாருங்கள்

மஞ்சள் நிறம் பச்சைக்கு அடியில் முன்பே இருந்தது என்றோம். அதைச் சோதித்துப் பார்க்கலாம். பூவரசின் பச்சை இலைகள் மூன்றையும், பழுத்து விழுந்த மஞ்சள் இலைகள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே நறுக்கி நசுக்கி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை இலை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, அரைமணி நேரம் மூடி வையுங்கள். பிறகு சாற்றை மட்டும் வேறு குவளைகளில் வடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைச் சாக்கட்டியை நிறுத்துங்கள். சாறு சாக்கட்டியில் மெல்ல ஏறும். பச்சை இலைச் சாற்றில் பச்சைப் பட்டையோடு மஞ்சள் பட்டையும் பிரிந்து தெரியும். பழுத்த இலைச் சாற்றில் மஞ்சள் மட்டுமே மேலோங்கி நிற்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு அருகே இதைச் செய்யாதீர்கள். ஆசிரியரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்

ஜப்பானில் இலை நிறம் மாறும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடிவது எதனால்? பல பத்தாண்டுகளாக, ஒரே மரங்களை ஆண்டுதோறும் பார்த்து எழுதி வைத்ததால்தான். நம் வாதுமைக்கும் வாகைக்கும் அத்தகைய நெடுங்காலக் குறிப்பு நம் ஊர்களில் உண்டா? வெப்பமும் மழையும் மாறிவரும் இந்நாளில் அக்குறிப்பின் தேவை இன்னும் மிகுதி. வேம்பு முன்பைவிட முந்திப் பூக்கிறதா என்று கேட்டால், நினைவை வைத்து விடை சொல்ல முடியாது; ஏட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலுள்ள பள்ளி மாணவர்கள் மரங்களை இவ்வாறு பார்த்துக் குறித்து வருகிறார்கள்.

நீங்களும் செய்யலாம். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில் அதைப் பாருங்கள். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, பூ, காய் ஆகிய ஐந்தும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று எழுதுங்கள். அந்த வாரம் மழை பெய்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளி முடித்துப் போகும்போது ஏட்டைக் கீழ்வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நான்கைந்து ஆண்டுக் குறிப்பு சேர்ந்துவிட்டால், கார்த்திகை மழையைப் பார்த்து மாசி உதிர்வை முன்கூட்டியே கணித்துப் பார்க்கலாம். கணிப்பு தவறினாலும் பரவாயில்லை. ஏன் தவறியது என்று ஆராய்வதற்கு ஏடு கையில் இருக்கும்.

வால்பாறைப் பயணத்துக்கு வீட்டாரையும் ஆசிரியரையும் கலந்து நாள் குறிக்க வேண்டும், வண்டியும் வேண்டும். குறிப்பேட்டுக்கு அவை வேண்டாம். ஒரு பென்சிலும் ஒரு மரமும் போதும். இந்த வாரமே தொடங்குங்கள்.